பின்னங்களை வெளியேற்றும் ஒரு பெருக்கல்

ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 வருகிறது. அந்த எண் என்ன?

எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர், தமக்கு முந்தைய நூல் ஒன்றைப் பார்த்து ஏறத்தாழ கி.மு. 1550-இல் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்த கணக்குகளில் இதுவும் ஒன்று. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் ரைண்ட் 1858-இல் லக்சர் நகரில் வாங்கிய அந்தச் சுருள், இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆமெஸிடம் இயற்கணிதக் குறியீடு எதுவும் இல்லை. விடை 7 என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறார். 7-உம் அதன் ஏழில் ஒரு பங்கான 1-உம் சேர்ந்தால் 8. ஆனால் வர வேண்டியது 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? இரண்டேகாலே அரைக்கால் மடங்கு. ஆகவே ஏழையும் அதே மடங்கு பெருக்குகிறார். விடை பதினாறரையே அரைக்கால். முழு எண்ணோடு அரை, கால், அரைக்கால் என்று துண்டுகளை அடுக்கிச் சொல்லும் இந்த முறையில்தான் எகிப்தியரும் பின்னங்களை எழுதினார்கள்.

அவர் ஏன் 7-ஐத் தேர்ந்தார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏழில் ஒரு பங்கு எடுக்கும்போது துண்டு விழாத மிகச் சிறிய எண் 7. பின்னத்தோடு மல்லுக்கட்டாமல், அது முழு எண்ணாக மாறும் இடத்துக்கு அவர் கணக்கையே நகர்த்திவிட்டார். இன்றைய வகுப்பறையில் தெரியாத எண்ணை 'ம' என்று வைத்து, ம + ம/7 = 19 என எழுதி, இரு பக்கத்தையும் 7-ஆல் பெருக்குகிறோம். 7ம + ம = 133. அதாவது 8ம = 133. எட்டால் வகுத்தால் அதே பதினாறரையே அரைக்கால். எழுதும் விதம் மாறியிருக்கிறது, யோசனை அதேதான்.

இப்படிப் பெருக்கலாமா என்ற சந்தேகம் பல மாணவர்களுக்கு உண்டு. சமநிலையில் நிற்கும் தராசின் இரு தட்டுகளிலும் உள்ள எடையை ஏழு மடங்காக்கினாலும் முள் அசையாது. ஒரு தட்டில் மட்டும் கை வைத்தால்தான் சாயும்.

பின்னங்கள் பல இருந்தால், எல்லாப் பகுதி எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணைத் தேட வேண்டும். அதுதான் மீச்சிறு பொது மடங்கு. பழந்தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஓர் எண்ணின் மாகாணியும் மாவும் சேர்ந்து 9 என்றால் அந்த எண் எது? 16, 20 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 80. ம/16 + ம/20 = 9 என்பதை 80-ஆல் பெருக்கினால் 5ம + 4ம = 720. எனவே ம = 80. சரிபார்ப்போம்: எண்பதில் மாகாணி 5, மா 4, கூட்டினால் 9.

இதே வகைக் கணக்கை அழகான காட்சியாக்கியவர் இரண்டாம் பாஸ்கரர். 1150-இல் அவர் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கூட்டம் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மரத்துக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும், இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொரு பூவுக்கும் பறந்துவிட, ஒரே ஒரு தேனீ அந்தரத்தில் அலைகிறது. பகுதிகள் 5, 3. பொது மடங்கு 15. கூட்டத்தைப் பதினைந்து கூறாகப் பார்த்தால் முதல் பூவுக்கு 3 கூறு, இரண்டாவதற்கு 5, மூன்றாவதற்கு 6. மொத்தம் 14 கூறு போய்விட்டது. எஞ்சிய ஒரு கூறுதான் அந்த ஒற்றைத் தேனீ. ஆகவே கூட்டத்தில் இருந்தவை 15.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடங்களில். (ம + 3)/2 − (ம − 1)/3 = 4 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். பொது மடங்கு 6. இடப்பக்கத்தை ஆறால் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்து 4-ஐ அப்படியே விட்டுவிடுவது முதல் சறுக்கல். பின்னமாக இல்லாத உறுப்பையும் பெருக்கியே ஆக வேண்டும்; அங்கே 24 வர வேண்டும். இரண்டாவது, கழித்தல் குறி. தொகுதியில் இருக்கும் 'ம − 1' முழுவதையும் அது கழிக்கச் சொல்கிறது. அடைப்புக்குறி போட்டு 3(ம + 3) − 2(ம − 1) = 24 என்று எழுதினால் தப்பு நேராது. விரித்தால் 3ம + 9 − 2ம + 2 = 24, ஆகவே ம = 13. திரும்பப் பொருத்தினால் 16/2 − 12/3, அதாவது 8 − 4 = 4. அடைப்புக்குறியை விட்டு +2-ஐ −2 ஆக்கியிருந்தால் விடை 17 என்று வந்திருக்கும். பொருத்திப் பார்த்த மறுகணமே அது தவறென்று தெரிந்திருக்கும்.

தெரியாத எண்ணே பகுதியில் போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஒரு குழாய் தனியாகத் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்புகிறது. இன்னொன்றும் சேர்ந்தால் 4 மணி நேரம் போதும். இரண்டாவது குழாய்க்குத் தனியாக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பங்கைக் கொண்டு 1/6 + 1/ம = 1/4 என்று எழுதலாம். 12ம-ஆல் பெருக்கினால் 2ம + 12 = 3ம. விடை 12 மணி நேரம். பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளுக்கும் இதே அமைப்புதான்: 3 ஓம், 6 ஓம் தடைகளை அப்படி இணைத்தால் 1/3 + 1/6 = 1/2, ஆகவே மொத்தத் தடை 2 ஓம்.

இந்த வகையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ம/(ம − 2) = 2/(ம − 2) + 3 என்பதை 'ம − 2'-ஆல் பெருக்கினால் ம = 2 + 3(ம − 2) என்றாகி, ம = 2 என்ற விடை கிடைக்கிறது. கணக்கின் படிகளில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 2-ஐ முதல் வரியில் பொருத்தினால் பகுதி பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. நாம் பெருக்கிய 'ம − 2' அந்த இடத்தில் பூஜ்யமாக இருந்ததால், பெருக்கிய பின் வந்த சமன்பாடு பழைய சமன்பாட்டுக்கு இணையானதாக இல்லை. எனவே பகுதியில் 'ம' இருக்கும்போது, அது எந்த மதிப்பை ஏற்கக் கூடாது என்பதைக் கணக்கின் தலைப்பிலேயே குறித்துவைப்பது நல்லது. இந்தச் சமன்பாட்டுக்கு விடைத்தாளில் 'தீர்வு இல்லை' என்று எழுதினால்தான் முழு மதிப்பெண்.