வீடு மாறி வந்த சிலிண்டர்

விறகு வண்டிக்காரர் வீடு மாறி விறகை இறக்கிவிட்டுப் போனால், முற்காலத்தில் அது தெருவுக்குள்ளேயே தீர்ந்துவிடும் காரியமாயிருந்தது. கட்டைகளை உரியவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். இன்று ஆரணியிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுப்புற நெசவூர்களிலும் பெரும்பாலான அடுப்பங்கரைகளுக்கு வருவது சமையல் எரிவாயுச் சிலிண்டராகும். ஒரு வீட்டிற்குரிய சிலிண்டர் மற்றொரு வீட்டில் இறங்கிவிட்டால் காரியம் தெருவோடு முடிவதில்லை. பதிவேடு, பணம், சட்டம், உயிர்ப் பாதுகாப்பு ஆகிய நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

தவறு நேரும் விதம்

பெரும்பாலும் இத்தவறு எவருடைய கெட்ட எண்ணத்தாலும் நேர்வதன்று. ஒரே தெருவில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பர். தலைப்பெழுத்து மட்டுமே வேறாயிருக்கும். கதவில் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். இணைப்பு பாட்டனார் பெயரில் இருக்க, வீட்டில் வசிப்போர் பேரப்பிள்ளைகளாயிருப்பர். கணவனும் மனைவியும் நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்து, அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கிவரச் சென்றிருக்கும் வேளையில் சிலிண்டர் வரும். அது பக்கத்து வீட்டில் இறங்கும்.

இதற்குத் தடுப்பு எளிதானது. பணம் கொடுக்குமுன் ரசீதிலுள்ள பெயரையும் நுகர்வோர் எண்ணையும் நம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பதிவு செய்தவரின் கைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்றபின் சிலிண்டர் கொடுக்கும் முறை 2020 நவம்பரில் பெருநகரங்களில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவியது. அவ்வெண் நமது கையெழுத்துக்குச் சமானம். சிலிண்டர் கைக்கு வராமல் எண்ணை மட்டும் சொல்லிவிடுதல், வாங்காத கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது போலாகும்.

சட்டம் கூறுவது யாது?

வாசலில் வந்து இறங்கியது நம்முடையதுதானே என்று சிலர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என விதிக்கிறது. அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு நம் விஷயத்தையே உதாரணமாகக் காட்டுகிறது. ஒரு வணிகர் தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துச் செல்கிறார். வீட்டார் அதைத் தம்முடையதாகப் பாவித்துவிடுகிறார். அவர் அதற்குரிய விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அவ்வுதாரணம்.

ஆகவே, தம்முடையது என்று நம்பி ஒருவர் சிலிண்டரை அடுப்பில் மாட்டிவிட்டால் அது குற்றமன்று. தெரிந்தவுடன் ஏஜென்சிக்குச் சொல்லி, விலையைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். ஆனால் பிறருடையது என அறிந்தபின்னும் மறைத்து வைத்துக்கொள்ளுதல் நேர்மையற்ற கையாடலாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. மேலும், நாம் முறைப்படி பெறும் சிலிண்டரிலும் உள்ளிருக்கும் 14.2 கிலோ வாயுவே நம்முடையது. இரும்புக் கலம் எண்ணெய்க் கம்பெனியின் உடைமை. வைப்புத்தொகை கட்டி அதை நாம் வைத்திருக்கிறோம்.

சாயப்பட்டறை வைத்திருப்போர்க்கு ஒரு சொல். பட்டைச் சோப்புநீரில் வேகவைத்துப் பசை நீக்கவும், சாயம் ஏற்றவும் நெருப்பு வேண்டியிருக்கிறது. மிகையாக வந்த வீட்டுச் சிலிண்டரை அங்கே அனுப்பிவிடலாம் என்ற ஆசை எழக்கூடும். வீட்டு உபயோகத்திற்கான எரிவாயுவைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 2000-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணை தடைசெய்கிறது. தொழிலுக்கென 19 கிலோ சிலிண்டர் தனியே உண்டு.

தறிக்குழியும் எரிவாயுவும்

உரியவர் வரும்வரை சிலிண்டரை எங்கே வைப்பது? நெசவாளர் இல்லங்களில் இக்கேள்வி மிக முக்கியமானது. முன்கூடத்தில் இடமிருக்கிறதென்று தறியருகே வைத்துவிடுவது இயல்பு. ஆனால் அதுவே ஆகாத இடம். எரிவாயு காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழும்பாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். குழித்தறியின் மிதிகட்டைகள் இருக்கும் குழியைவிட வீட்டில் தாழ்ந்த இடம் வேறில்லை. ஒரு சிறு பொறி அங்கே போதும்.

ஆதலால் சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தியபடி, அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் விலக்கி வைத்தல் வேண்டும். முத்திரையைத் தொடலாகாது. நாற்றம் தெரிந்தால் நெருப்பை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சைப் போடாமலும் நிறுத்தாமலும் வெளியே வந்து, 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். இது கசிவுக்கென்றே உள்ள அவசர எண்ணாகும்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் எண்ணெயை லாரியில் கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் குழாய் வழியே நிரப்புவர். அங்கே வீடு மாறினால், ஏற்கெனவே தொட்டியில் உள்ள எண்ணெயோடு கலந்துவிடும், பிரித்தெடுப்பது அரிது. நமக்கோ முத்திரையிட்ட கலமாகவே வருகிறது. முத்திரை உடையாதவரை தவறு முழுவதும் திருத்தக்கூடியதே.

செய்யவேண்டுவன

சிலிண்டர் நம் வீட்டுக்கு மாறி வந்ததாயின், அன்றே ஏஜென்சிக்குத் தெரிவித்து, அவர்கள் ஆள் மூலமே திருப்பி அனுப்புதல் நன்று. அண்டை வீட்டாரிடம் நாமே உருட்டிக் கொடுத்துவிட்டால் பொருள் சேரும், பதிவேடு சேராது. விநியோகம் யார் பெயரில் பதிவாகிறதோ, அவர் பெயரிலேயே ஆண்டுக் கணக்கும் மானியமும் அடுத்த பதிவின் தவணையும் ஓடும். நாம் பணம் கொடுத்திருந்தால் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

நம் சிலிண்டர் பிறர் வீட்டுக்குச் சென்றதாயின், விநியோகம் முடிந்தது என்னும் கைபேசிச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் ஏஜென்சியில் எழுத்து மூலம் முறையிடுக. பயன் இல்லையேல் 1800-2333-555 என்னும் கட்டணமில்லா எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் தெரிவிக்கலாம். சிலிண்டரைத் தூக்கிவரும் தொழிலாளியிடம் சினங்கொள்ளுதல் வேண்டா. முப்பது கிலோ அளவுள்ள சுமையை நாளெல்லாம் ஏற்றி இறக்குபவர் அவர்; தவறைத் திருத்த அவருக்கும் வழிவிடுதல் முறை.

இவை புதிய நெறிகளல்ல. நம் தறிவீடுகளில் உள்ள பட்டும் சரிகையும் பலவேளை நம்முடையன அல்ல, சங்கத்தினுடையவை. எடைபோட்டு வாங்கி, எடைபோட்டே சேலையாக ஒப்படைக்கிறோம். கிடங்கில் தவறி ஐம்பது கிராம் மிகையாக நிறுத்துக் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பவரைச் சங்கம் நம்புகிறது. அடுத்த பாவையும் நம்பிக் கொடுக்கிறது. பிறர் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து கணக்கோடு திருப்பித் தருதல் நெசவாளர்க்குக் கைவந்த பழக்கம். தறியில் காக்கும் அந்நெறியை அடுப்பங்கரையிலும் காப்போமாக. பதிவு செய்துவிட்டு, காலி அடுப்பின்முன் காத்திருக்கும் குடும்பம் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது.