படுக்கும் முன் 5 நிமிடம் எழுதுங்கள்

உங்களுக்குத் தெரியுமா?

விளக்கை அணைத்த பிறகும் ஆபீஸ் வேலை மனதை விட்டு இறங்காமல் புரண்டு படுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வகத்தில், 57 இளைஞர்களைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு சாரார் இனி செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்தவற்றை. பாக்கி வேலையை நினைத்தால் பதற்றம்தான் கூடும் என்று தோன்றும். மூளையின் மின்னலைகளை அளந்து பார்த்தபோது நடந்ததோ நேர்மாறு: பாக்கியை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள்! 2018இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது என்பதுதான். எனவே ‘நாளைக்கு நிறைய வேலை’ என்று எழுதாதீர்கள். ‘10 மணிக்கு ஜிஎஸ்டி கணக்கு, மதியம் அம்மாவுக்குக் கண் பரிசோதனை, சாயங்காலம் கேஸ் புக்கிங்’ என்று எழுதுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தாளோடு நிறுத்திவிட வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்து, தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.