மண்சரிவு எச்சரிக்கை: சின்னத் திரையில் எது தெரிய வேண்டும்?

மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ஊவாவின் தோட்டங்களுக்குப் போன் வழியாக வந்து சேர்வது மூன்று நிறங்கள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை இந்த மூன்று நிலைகளில்தான் விடுக்கிறது. 24 மணி நேரத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள். விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள். புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு, வெளியேற வேண்டும்.

கணக்கில் குழப்பமில்லை. ஹல்துமுல்லையிலோ பசறையிலோ ஒரு லயத்துக்குள் இருக்கும் போன் திரையில் அது எப்படித் தெரிகிறது என்பதில்தான் சிக்கல். வட்ஸ்அப் குழுக்களில் கைமாறி வரும் எச்சரிக்கை பல வேளைகளில் ஒரு படமாகவே வருகிறது. மூன்று மொழிகள், ஒரு வரைபடம், ஓர் அட்டவணை எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடைபட்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கவும், நிறத்தைத் திருத்தவும், வாசித்துக் காட்டவும் அதே போனில் வசதிகள் இருக்கின்றன. ஆனால் படத்துக்குள் பதிந்துவிட்ட எழுத்திடம் அவற்றில் பெரும்பாலானவை செல்லாது.

எழுத்தும் எழுத்தின் படமும்

குறுஞ்செய்தியிலோ இணையப் பக்கத்திலோ வரும் தமிழ், உண்மையில் எண்களின் வரிசையாகத்தான் போனுக்கு வருகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறிமுறை தீர்மானிக்கிறது. அந்த எண்களை எழுத்துகளாக வரைவது நம் கையிலுள்ள போன். ஆகவே எந்த எழுத்துருவில், எவ்வளவு பெரிதாக, எந்தப் பின்னணியில் வரைய வேண்டும் என்று அதற்கு நாம் கட்டளையிடலாம். 2023இல் வந்த அண்ட்ரொய்ட் 14இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடியும். வரி நீண்டால் அதுவே மடிந்து அடுத்த வரிக்குப் போகும். பார்வை குறைந்தவருக்கு அதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டவும் அந்தப் போனுக்கு முடியும்.

படம் என்றால் கதை வேறு. அதில் இருப்பவை நிறப் புள்ளிகள் மட்டுமே. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் வரி பக்கவாட்டில் திரைக்கு வெளியே ஓடிவிடும். பலமுறை கைமாறிய படமென்றால் எழுத்து மங்கிக் குழம்பியும்விடும். எந்த அளவில் வாசிப்பது என்ற முடிவை, படத்தைத் தயாரித்தவர் தம் மேசையிலிருந்த பெரிய கணினித் திரையைப் பார்த்து எப்போதோ எடுத்துவிட்டார்.

பாமினி விட்டுச்சென்ற பழக்கம்

தமிழை ஏன் படமாக்கி அனுப்பப் பழகினோம்? அதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. இலங்கையின் தமிழ்த் தட்டச்சு நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் ஓடியது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு அது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள்தாம். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மட்டுமல்ல, செய்தியே காணாமல் போய்விடும். அதனால் அச்சிட்டு ஸ்கேன் எடுப்பது, படமாக மாற்றுவது போன்றவை பாதுகாப்பான வழிகளாகத் தோன்றின.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்க் குறிமுறைக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326, 2008இல் வந்தது. விண்டோஸில் நிர்மலா எழுத்துருவும், அண்ட்ரொய்ட்டில் நோட்டோவும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார் உட்படப் பல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. காரணம் போய்விட்டது, பழக்கம்தான் போகவில்லை.

நிறம் ஒன்றே போதுமா?

எழுத்தும் பின்னணியும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பதை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21:1. அதற்கு மேல் இல்லை. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்கின்றன இணைய அணுகல் தொடர்பான பன்னாட்டு வழிகாட்டு விதிகள்.

எச்சரிக்கையின் மூன்று நிறங்களையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். கணினியின் தூய மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் ஏறக்குறைய 1:1. எழுத்து இருப்பதே தெரியாது. வழக்கமான செம்மஞ்சளில் வெள்ளை வைத்தால் 2:1. தூய சிவப்பில் 4:1. பளிச்சென்று இருப்பதாகத் தோன்றினாலும் சிறிய எழுத்துக்கு அதுவும் போதாது. அதே பின்னணிகளில் கறுப்பு எழுத்தை வைத்தால் மஞ்சளில் 19:1க்கு மேல், செம்மஞ்சளில் 10:1க்கு மேல், சிவப்பில் 5:1க்கு மேல். மூன்றிலும் தேறுவது கறுப்பு ஒன்றுதான். மின்சாரம் போன இரவில், பற்றரி தீரும் நிலையில், ஒளியைக் குறைத்து வைத்த திரையில் இந்த வேறுபாடு பெரிது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்குச் செம்மஞ்சளும் சிவப்பும் கூட நெருங்கித் தெரியலாம். கறுப்பு வெள்ளையில் பிரதியெடுத்துக் கோயில் சுவரில் ஒட்டிய அறிவித்தலிலோ மூன்றும் சாம்பல் நிறம்தான். ஆகவே நிறத்தோடு 'நிலை 3: வெளியேறுங்கள்' என்பது போல எண்ணும் சொல்லும் சேர்ந்தே வர வேண்டும். நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக்கூடாது என்பதும் அந்தப் பன்னாட்டு விதிகளில் ஒன்று.

வெட்டுப்படும் வினைச்சொல்

செயலிகளில் பொத்தான்களையும் தலைப்புக் கட்டங்களையும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளவெடுக்கிறார்கள். தமிழ் அதற்குள் அடங்காதபோது மிச்சத்தை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறது மென்பொருள். தமிழில் இது ஆபத்தானது, ஏனென்றால் செய் என்பதும் செய்யாதே என்பதும் நம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. 'வீட்டுக்குத் திரும்பலாம்', 'வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்' என்ற இரண்டையும் இடையில் வெட்டினால் 'வீட்டுக்குத் திரும்ப…' என்றே இரண்டும் நிற்கும்.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. 'கீ', 'மீ' போன்றவற்றில் சுழி மேலே ஏறும். 'கூ', 'மூ' போன்றவற்றில் கால் கீழே இறங்கும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கென்று இறுக்கி வைத்தால் தலையோ காலோ வெட்டுப்படும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பொத்தான் அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் பூட்டாமல், உள்ளே வரும் சொல்லுக்கேற்ப விரிய விடுவதே சரி. தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் சதுரமாவது இருக்க வேண்டும் என்பது அண்ட்ரொய்ட்டின் வழிகாட்டல். மழையில் நனைந்த விரலுக்கு அதற்கும் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

நீங்கள் இப்போதே மாற்றக்கூடியவை

போனின் அமைப்புகளில் திரை தொடர்பான பகுதியில் எழுத்தின் அளவைக் கூட்டலாம். அணுகல்வசதிப் பகுதியில் எழுத்தை அழுத்தமாகக் காட்டவும், நிறத்தைத் திருத்தவும், திரையில் இருப்பதை வாசிக்கச் சொல்லவும் தெரிவுகள் உண்டு. வட்ஸ்அப்பிலும் எழுத்தளவைத் தனியாகக் கூட்டலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் அம்மாவின், தாத்தாவின் போன்களில் இவற்றை மழைக்காலத்துக்கு முன்பே செய்து வைப்பது நல்லது.

அனுப்புபவர்கள் செய்ய வேண்டியது

எழுத்துருவால் மலையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் குடியிருக்கத் தக்கதல்ல என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. போக நிலமோ வீடோ இல்லாதவரிடம் எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? அந்தக் கேள்விக்கு விடை கணினித் திரையில் இல்லை. ஆனால் மழை கொட்டும் இரவில், பாடசாலைக் கட்டடத்துக்காவது போய் ஒதுங்க வழி இருக்கும்போது, செய்தி வாசிக்க முடியாமல் போவது தவிர்க்கக்கூடிய குறை.

தமிழ் ஆட்சிமொழியாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 முதல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் எச்சரிக்கை அனுப்புவது அங்கே சலுகை அல்ல, கடமை. படமும் வரைபடமும் இருக்கட்டும். அதனடியில் நிலை எண், இடம், செய்ய வேண்டிய செயல் மூன்றையும் யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும். யூனிகோட் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகளுக்குத்தான் இடம். 'வெளியேறுங்கள்' என்ற ஏழெழுத்துச் சொல்லே 13 குறிகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே சுருக்கமான வாசகங்களை மழைக்கு முன்பே எழுதி, பழைய மலிவான போன் ஒன்றில், எழுத்தை ஆகப் பெரிதாக்கி வாசித்துப் பார்த்துவிட வேண்டும். இதற்குப் புதிய செயலியோ கேள்விப்பத்திரமோ தேவையில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இன்னும் இரண்டு வரி தட்டச்சு செய்யும் பொறுமை இருந்தால் போதும்.