வெளியே என்ன போகிறது?

1999-இல், ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கக் கணினி நிபுணர் தன் கணினியிலிருந்து இணையத்துக்குப் போகும் தரவை ஒரு கருவி வைத்துக் கவனித்தார். ரியல்ஜூக்பாக்ஸ் என்ற இசை மென்பொருள், அவர் எந்தக் குறுந்தகட்டைக் கேட்கிறார் என்பதைத் தன்னைத் தயாரித்த ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒட்டப்பட்ட அடையாள எண்ணும் கூடவே போனது. செய்தி நாளிதழில் வந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தும் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை லட்சக்கணக்கான வீடுகளில் இது நடந்தது. ஒரு கணினியும் தன் சொந்தக்காரரிடம் மூச்சுவிடவில்லை.

ஃபயர்வால் என்றதும் வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பது என்றுதான் நினைக்கிறோம். உள்ளேயிருந்து போவதைக் கேள்வி கேட்கும் வழக்கம், ஸோன் அலார்ம் போன்ற வீட்டு ஃபயர்வால்கள் பரவிய 2000 வாக்கில்தான் சாதாரண மக்களிடம் வந்தது. ஒரு நிரல் முதன்முறையாக இணையத்தைத் தொட முயன்றால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: இந்த நிரல், இந்த முகவரிக்குப் போகப் பார்க்கிறது, விடலாமா? அந்தக் கேள்வியை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். நம் கணினி நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஃபயர்வால் தயாரிப்பாளர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். கடன் அட்டை எண், தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவற்றை நாமே ஃபயர்வாலில் பதிந்துவைத்தால், வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அவற்றைத் தேடி, கண்டதும் ‘உங்கள் தனிப்பட்ட தகவல் இந்தத் தளத்துக்குப் போகிறது’ என்று அறிவிக்கும். வேலை எளிது: எழுத்துச் சரத்தை எழுத்துச் சரத்தோடு ஒப்பிடுவது. சிக்கலும் அங்கேதான். மின்னஞ்சல் முகவரியை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பினால் அதிலுள்ள @ குறி பொதுவாக %40 என்று மாறித்தான் பயணம் செய்யும். அட்டை எண்ணை இடைவெளி விட்டு எழுதுபவர் உண்டு, விடாமல் எழுதுபவரும் உண்டு. திருட நினைக்கும் நிரலோ எண்ணைத் திருப்பிப் போட்டு அனுப்பினாலே போதும், ஒப்பீடு தோற்றுவிடும்.

எதிர்ப்பக்கத் தொல்லை பொய்யான எச்சரிக்கை. நான்கு இலக்க ரகசிய எண்ணைக் காக்கச் சொன்னால், ஏதோ ஒரு படத்தின் முகவரியிலோ நேரக் குறியீட்டிலோ அதே நான்கு இலக்கம் தற்செயலாக வந்து மணி அடிக்கும். இதைக் குறைக்க, அலுவலகங்களில் தரவுக் கசிவைக் கண்காணிக்கும் கருவிகள் ஓர் அழகான கணக்கைப் பயன்படுத்துகின்றன. கடன் அட்டையின் கடைசி இலக்கம் தன்னிச்சையானது அல்ல. முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. ஏதோ ஒரு 16 இலக்க எண் அந்தச் சோதனையில் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். நம் ஆதாரின் 12 இலக்கங்களிலும் கடைசி இலக்கம் இப்படிச் சரிபார்க்க வைத்ததே; அதற்கு வெர்ஹூஃப் முறை.

இத்தனையையும் இன்று பெரும்பாலும் பயனற்றதாக்கியது ஒரு நல்ல மாற்றம்: ஹெச்டிடிபிஎஸ். இப்போது பெரும்பாலான இணையப் போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு சீல் வைத்த கண்டெய்னர் லாரியின் எண்ணும் போகுமிடமும் தெரியும், சரக்கு தெரியாது. ஃபயர்வாலின் நிலை அதுதான். நடுவில் நின்று மறையைப் பிரித்துப் படிக்கும் வழி உண்டு. அதற்குக் கணினியில் தனியொரு சான்றிதழை நிறுவ வேண்டும். அதன் ஆபத்தை 2015-இல் பார்த்தோம். லெனோவா மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் அப்படியொரு சான்றிதழை வைத்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. அதை ஒருவர் கண்டெடுத்தால் அத்தனை பேரின் வங்கிப் பக்கத்தையும் போலி செய்யலாம். வீட்டுக் கணினியில் அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. ‘பிரவுசரை விடலாமா’ என்ற கேள்விக்கு ‘எப்போதும் விடு’ என்று எல்லோரும் பதில் சொல்லிவிடுகிறோம், வேறு வழியில்லை. அதன்பின் பிரவுசருக்குள் நடப்பது ஃபயர்வாலின் கண்ணுக்கு எட்டாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதை அப்பட்டமாகக் காட்டியது. பல பிரபலத் தளங்களில் இருந்த சில நிரல்துண்டுகள், பயனர் தட்டும் எழுத்துகளையும் மவுஸ் அசைவையும் பதிந்து மூன்றாவது நிறுவனத்துக்கு அனுப்பின. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தும் முன்பே, அடித்து அழித்த எழுத்துகூடப் போகக்கூடும். இதற்கு எந்த ஃபயர்வாலும் மணி அடிக்காது. விளம்பரத் தடுப்பானும் கண்காணிப்புத் தடுப்பு வசதியுள்ள பிரவுசரும்தான் ஓரளவு உதவும்.

அப்படியானால் எச்சரிக்கை வீணா? இல்லை. என்ன போகிறது என்று சொல்லாவிட்டாலும் யார், எங்கே, எப்போது என்பதைச் சொல்கிறது. டார்ச் செயலி ஒன்று நள்ளிரவில் விளம்பர நிறுவனத்தின் முகவரியைத் தேடிப்போவது தெரிந்தால், உள்ளடக்கம் தெரியாமலே முடிவெடுக்கலாம். ஆனால் அந்த எச்சரிக்கை தானாக வராது. விண்டோஸின் ஃபயர்வால், வழக்கமான அமைப்பில், வெளியே போவதை எல்லாம் விட்டுவிடுகிறது. மேக் கணினியோடு வரும் ஃபயர்வாலும் உள்ளே வருவதை மட்டுமே பார்க்கிறது. லிட்டில் ஸ்னிச் போன்ற தனி மென்பொருள் தேவைப்படுவது அதனால்தான். ஆண்ட்ராய்டில் நெட்கார்ட் என்ற திறந்தமூலச் செயலி, ஃபோனின் கட்டுப்பாடுகளை நீக்காமலே (ரூட் செய்யாமலே) ஒவ்வொரு செயலியையும் தனித்தனியாகத் தடுக்க உதவும். ஐஃபோனில் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் ஆப் பிரைவசி ரிப்போர்ட் இருக்கிறது. எந்தச் செயலி எந்தத் தளத்தைத் தொட்டது என்று கடந்த ஏழு நாள் கணக்கைக் காட்டும்.

புதிதாக ஓர் எச்சரிக்கை வந்தால் அவசரத்தில் ‘எப்போதும் விடு’ என்று அழுத்தாதீர்கள். இந்த ஒருமுறை தடுத்துப் பாருங்கள். நிரல் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தால், அந்தப் பயணம் பெரும்பாலும் உங்களுக்காக நடந்தது அல்ல, தடையை நிரந்தரமாக்கிவிடுங்கள்.