தாடிக்கு ஒரு நாள்கணக்கு

மலேசியத் தமிழ் ஆண்களில் பெரும்பாலோர் தாடியை முதன்முதலில் அறிவது கண்ணாடியின் முன்னால் அன்று; ஒரு சடங்கின் பொருட்டு மழிப்பதை நிறுத்தும் நாள்களில்தான் அவர்களுக்கு அந்த அறிமுகம் வாய்க்கிறது. வீட்டில் இறப்பு நேர்ந்தால் 16ஆம் நாள் கருமாதி வரையில் சவரம் செய்துகொள்ளாதிருக்கும் வழக்கம் உண்டு. சபரிமலைக்கு மாலை அணிந்தவர் 41 நாள் கத்தி படாமல் இருக்கிறார். மனைவி கருவுற்றிருக்கையில் பிள்ளை பிறக்கும்வரை தாடியையும் முடியையும் எடுக்காதிருக்கும் கணவர்கள் இன்றும் சில குடும்பங்களில் இருக்கிறார்கள். ஈப்போவின் வடமேற்கு விளிம்பில், சிலிபினுக்கும் மேருவுக்கும் இடைப்பட்ட ஜெலாப்பாங்கிலும், அதனை அடுத்துக் கச்சாங் பூத்தே வணிகத்துக்குப் பெயர்பெற்ற புந்தோங்கிலும், தோட்ட லயங்களிலிருந்து தமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தம்மோடு கொண்டுவந்த வழக்கங்களில் இவையும் அடங்கும். சுங்கை பாரி மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி செல்லும் தைப்பூசத்தை ஒட்டி, விரதமிருப்போரின் முகங்களில் தாடி அடர்வதையும், முடி காணிக்கை செலுத்திய மறுநாளே அது மறைந்துவிடுவதையும் அவ்வூரார் ஆண்டுதோறும் காண்கிறார்கள்.

இந்த நாள்கணக்குகளை உடலியல் அளவுகளோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். முகமுடி ஒரு நாளில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. அதாவது மாதம் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொள்வது பெரும் பிழையாகாது. அப்படியானால் கருமாதித் தாடி 5 அல்லது 6 மில்லிமீட்டர். அது குத்தும், அரிக்கும், இன்னும் வளைந்து படியாது. ஐயப்பன் விரதத் தாடி 12 முதல் 16 மில்லிமீட்டர்; அரிப்பு அடங்கி, எந்தக் கன்னத்தில் முடி செறிந்திருக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும் கட்டம் இதுவே. ஒன்பது மாதத் தாடியோ மார்பை நோக்கி இறங்கத் தொடங்கியிருக்கும். தாடி வளர்க்க விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில், அரிப்புத் தாங்காமலோ கன்னத்துத் திட்டுகளைக் கண்டு மனம் தளர்ந்தோ மழித்துவிடுகிறார்கள் என்பதை எண்ணும்போது, 41 நாள் பொறுத்திருக்கச் செய்யும் விரதம் தாடி வளர்ப்புக்கும் நல்ல பயிற்சிதான்.

சடங்கைச் சாராத நான்காவது தாடி ஒன்றையும் மலேசியா 2020ஆம் ஆண்டில் கண்டது. கோவிட் பெருந்தொற்றை முன்னிட்டு மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் மூடப்பட்ட முடிதிருத்தும் கடைகள் ஜூன் 10ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இடையே ஏப்ரல் மாதத்தில் அவற்றைத் திறக்கலாம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு எழவே சில நாள்களில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த 84 நாள்களில் மழிக்காமல் விட்ட முகத்தில் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வரை தாடி வளர்ந்திருக்கும்.

முடி ஏன் ஒருவருக்கு அடர்ந்தும் இன்னொருவருக்குத் திட்டுத்திட்டாகவும் வளர்கிறது என்ற வினாவுக்கு விடை தோலுக்கு அடியில் இருக்கிறது. பிறக்கும்போதே முகத்தில் அமைந்துள்ள முடிவேர்ப்பைகள் சிறுவயதில் பூனைமுடி எனப்படும் மெல்லிய, நிறமற்ற முடியையே தோற்றுவிக்கின்றன. பூப்புப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீர் பெருக, அதன் ஒரு பகுதி நொதி ஒன்றினால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிகுந்த வடிவமாக மாற, அவ்வடிவம் வேர்ப்பைகளைத் தூண்டி, பூனைமுடியைத் தடித்த கருமுடியாக்குகிறது. அந்தத் தூண்டலுக்கு ஒவ்வொரு வேர்ப்பையும் எவ்வளவு இணங்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுக்களே தீர்மானிப்பதால், ஒரே அளவு இயக்குநீர் உள்ள இருவருக்கு வெவ்வேறு தாடி அமைவது இயல்பே. தாடி குறைந்தவர் ஆண்மை குறைந்தவர் என்ற பேச்சுக்கு உடலியலில் இடமில்லை. கன்னத்தில் முடியை வளர்க்கும் அதே இயக்குநீர்தான் உச்சந்தலையில், மரபு வாய்ப்புள்ளவர்களுக்கு, முடியை மெலியச் செய்து வழுக்கையை உண்டாக்குகிறது என்பதும் வழுக்கைத் தலையோடு அடர்ந்த தாடியும் சேர்ந்து காணப்படுவதை விளக்கிவிடுகிறது. இருபது வயதில் இடைவெளியோடு தோன்றும் தாடி முப்பதுகளின் நடுவில் நிரம்பிவிடுவதும் பரவலாகக் காணக்கூடியதாகையால், இவ்விஷயத்தில் அவசரப்படுவோர் தம் வயதோடுதான் சண்டையிடுகிறார்கள்.

அடிக்கடி மழித்தால் முடி தடித்து வளரும் என்பது மீசை அரும்பும் பையன்களுக்கு ஊர்தோறும் சொல்லப்படும் அறிவுரை. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்து, மழிப்பதால் முடியின் தடிப்போ வளர்வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்க, கத்தி வெட்டிய நுனி தட்டையாக இருப்பதனால் தொடுகைக்கு முரடாகப் படுகிறது, அவ்வளவே. இதைவிட வேடிக்கையான ஆய்வும் உண்டு. தனித் தீவொன்றில் வாரக்கணக்கில் பணிபுரிந்த அறிவியலாளர் ஒருவர், தம் மின்சவரக் கருவியில் சேர்ந்த முடித்தூளை நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, தீவில் வளர்ச்சி குறைவதையும் ஊர் திரும்பித் துணையைச் சந்திக்கும் நாள் நெருங்குகையில் அது கூடுவதையும் கண்டறிந்து, 1970இல் நேச்சர் ஆய்விதழில் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார். ஒரே ஒருவரின் தாடியைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு என்பதால் அதனைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது.

வளர்ச்சி மரபின் கையில் இருக்கிறதென்றால், மனிதரின் கையில் எஞ்சுவது தோல். பேராக்கின் தட்பவெப்பம் இங்கேதான் குறுக்கிடுகிறது. குளிரும் வறட்சியுமான நாடுகளை எண்ணி எழுதப்பட்ட தாடிப் பராமரிப்புக் குறிப்புகள் எண்ணெயை வலியுறுத்துகின்றன. ஆண்டு முழுவதும் வெக்கையும் மழையும் மாறி மாறி நிலவும், ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கிலோ தாடிக்குள் வறட்சியைக் காட்டிலும் வியர்வையே தொல்லை தருகிறது. மோட்டார்சைக்கிளில் வேலைக்குச் செல்பவரின் ஹெல்மெட் வார் தாடையடியை அழுத்த, அங்கே தேங்கும் வியர்வையும் தோலெண்ணெயும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு உணவாகின்றன. எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் அப்பூஞ்சை மிகும்போது, தாடிக்குள் பொடுகும் சிவப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. அதனைத் தோல் வறட்சி என்று கருதித் தேங்காயெண்ணெயை மேலும் மேலும் பூசுவோர், கொழுப்பை உண்டு வாழும் அந்தப் பூஞ்சைக்கே விருந்து வைக்கிறார்கள்.

ஆகவே இவ்வூரின் தாடிக்கு முதல் மருந்து, கழுவி உலர்த்துவதே. தோலின் இயல்பான அமில-கார அளவு (pH) 5.5 என்ற அளவில் இருக்க, குளியல் சோப்புகள் பல காரத்தன்மை மிக்கவையாதலால், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை மென்மையான ஷாம்பு கொண்டு வேர்வரை விரலோட்டிக் கழுவுவதும், மற்ற நாள்களில் வெறும் நீரில் அலசுவதும் போதும். கழுவியபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தாடியின் அடியிலுள்ள தோலும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். மழையில் நனைந்து வந்த நாளில் இது இன்னும் முக்கியம். எண்ணெய் வேண்டுவோர், முடி ஒரு சென்டிமீட்டரைக் கடந்தபின், இரண்டொரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முடியின் மீது மட்டும் தடவினால் போதுமானது. பொடுகு நீங்காவிட்டால் கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவை மருந்தாளரிடம் கேட்டு வாங்கி, சில நிமிடம் நுரையோடு விட்டுக் கழுவலாம். வட்ட வடிவில் செதில் விளிம்போடு பரவும் தடிப்பு படர்தாமரையாக இருக்கக்கூடும். அதன்மீது ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு தற்காலிகமாக அடங்கி, நோய் மறைவாகப் பரவும். தாடியில் காசளவில் வழவழப்பாக முடி உதிர்ந்தால், அது புழுவெட்டு; பெயர் அப்படியிருந்தாலும் புழு எதுவும் இல்லை, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் வேர்ப்பைகளையே தாக்குவதால் நேர்வது. அதற்கு வெங்காயச் சாறு தேய்க்கும் வழக்கத்தை 2002இல் ஈராக்கிய மருத்துவர்கள் ஆய்ந்து ஓரளவு பயன் கண்டார்கள். ஆனால் அந்த முடிவு புழுவெட்டுக்கு உரியதேயன்றி, பிறப்பிலேயே அடர்த்தி குறைந்த தாடிக்கு உரியதன்று.

அடர்த்தி தரும் என்று விற்கப்படும் திரவங்களில் ஆய்வின் துணை ஓரளவேனும் உள்ளது மினாக்சிடில் ஒன்றுதான். உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகத் தொடங்கி, பக்கவிளைவாக முடி வளரக் கண்டு தலைவழுக்கை மருந்தாக மாறிய அதனை, 2016இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் 3 விழுக்காட்டுக் கரைசலாக 16 வாரம் தாடியில் பூசச் செய்து, மருந்தற்ற கரைசலைப் பூசியவர்களைவிட நல்ல வளர்ச்சி கண்டார்கள். எனினும் அம்மருந்துக்கு ஒப்புதல் தரப்பட்டிருப்பது தலைக்கே. முகத்தில் பூசுவதால் எரிச்சலும், சிலருக்குப் படபடப்பும் நேரலாம். வீட்டில் வளரும் பூனை அதனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துகளின் உறையில் 'மால்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருக்கும். பாசார் மாலாம் கடையிலோ இணையத்திலோ வாங்கும் குப்பியில் அந்த எண் இல்லையென்றால் அதனை வாங்காதிருப்பதே அறிவுடைமை. நரைத்த தாடிக்குச் சாயமிடுவோரும், பாராபெனிலீன்டையமின் என்ற வேதிப்பொருளால் முகம் வீங்கிய பின் வருந்துவதைவிட, காதுக்குப் பின்னால் சிறிது பூசி 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

தாடி பணியிடத்துக்கும் செல்கிறது என்பதை அழகுக் குறிப்புகள் மறந்துவிடுகின்றன. சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கில் கல்லுடைப்பு, சிமெண்டு, வண்ணப்பூச்சு முதலிய வேலைகளில் முகத்தோடு இறுகப் பொருந்தும் மூச்சுக் கவசம் அணிய நேர்கிறது. கவசத்தின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே சில நாள் முடி இருந்தாலே இறுக்கம் குலைந்து தூசி உள்ளே புகும். எனவேதான் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் அவ்விடத்தில் முடியிருப்பதைத் தடை செய்கின்றன. கவசத்துக்குள் அடங்கும் மீசையோ சிறு குறுந்தாடியோ வைத்துக்கொள்வதும், சமய நெறியால் தாடியை நீக்க இயலாதவர்களுக்குக் காற்றைச் செலுத்தித் தலையையே மூடும் தளர்கவசத்தை நிறுவனம் வழங்குவதும் இதற்கான வழிகள்.

தாடிக்கு வடிவம் தருவது கடையின் வேலை. நான்கு வாரம் வரை கத்தியோ டிரிம்மரோ கன்னத்தில் படாமல் விட்டபின்தான் எல்லைகளை வரைய வேண்டும். கழுத்தின் எல்லையைத் தாடையெலும்பின் மேலேயே வெட்டிவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. குரல்வளை புடைத்துத் தெரியும் இடத்துக்கு இரு விரல் மேலே தொடங்கி, காதுமடலின் பின்புறம் நோக்கி வளைந்தேறும் கோடே முகத்துக்குப் பொருந்தும். அக்கோட்டுக்குக் கீழே, முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். வழவழப்பை விரும்பி எதிர்வாட்டில் இழுத்தால், சுருள்முடி கொண்டவர்களுக்கு வெட்டுண்ட நுனி தோலுக்குள் திரும்பிக் குத்தி, சீழ்ப்பருவும் கருந்தழும்பும் உண்டாகும்.

தமிழகத்தில் நாவிதச் சமூகத்தார் மருத்துவர் என்றே பெயர் பெற்றிருந்தனர். அவர்தம் பெண்கள் மருத்துவச்சியராகப் பிள்ளைப்பேறு பார்த்தனர். கத்தியும் தோலும் உடலறிவும் ஒரே கையில் இருந்த அத்தொழில், மலேசியாவில் இன்று ஆள்பற்றாக்குறையில் நிற்கிறது. இந்தியர்களின் முடிதிருத்தும் கடைகள், ஜவுளிக்கடைகள், பொற்கொல்லர் பட்டறைகள் ஆகிய மூன்று துறைகளுக்கும் 2009ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு முடக்கப்பட்டிருந்தது. 2023இல்தான் அம்மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாக அரசு அறிவித்தது. உள்ளூர் இளைஞர்களிலும் சிலர் தாடி அலங்காரத்தைத் தனிக் கலையாகக் கற்றுக் கடை திறக்கிறார்கள் என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழைய கடையோ புதிய கடையோ, ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவு ஒன்றே அது பரவப் போதும். ஆகையால் நாற்காலியில் அமர்ந்தவுடன் புதிய பிளேடின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியை உங்கள் முகத்தில் தேய்க்க வந்தால், வேண்டாமென்று மறுத்துவிடுங்கள்.