பத்தியத்துக்கு முன் பரிசோதனை

பழவேற்காடு ஏரியில் பெண்கள் பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, உவர்நீரில் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஆண்கள் விடிய விடிய வலை இழுக்கிறார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடை சுமந்து நடந்து, பிறகு மணிக்கணக்கில் குந்தியிருந்து மீன் அரிகிறார்கள். திருப்பாலைவனம் முதல் கடலோரக் குப்பங்கள் வரை இப்படி உழைக்கும் உடம்புகளில் முழங்காலும் இடுப்பும் விரல்களும் வலிப்பதில் வியப்பில்லை.

வலி வந்ததும் எளிதில் கிடைப்பவை மருந்துக்கடை மாத்திரை, யாரோ விற்கும் சூரணம், அக்கம்பக்கத்தார் சொல்லும் பத்தியம். இவற்றில் சில உதவும், சில சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். உங்களுக்கு வந்திருப்பது எந்த மூட்டு நோய் என்று தெரியாமல், எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று முடிவு செய்யாதீர்கள்.

எந்த நோய்?

மூட்டுத் தேய்மானம்: வயது, உடல் எடை, குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை ஆகியவற்றால் வருவது. நடந்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும்.

முடக்குவாதம்: உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாது. பெண்களை அதிகம் தாக்குகிறது. முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் விரல்கள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

கவுட்: இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் படிகமாகப் படிவதால் வருவது. பெரும்பாலும் கால் பெருவிரல் திடீரென்று சிவந்து, துணி பட்டாலே துடிக்கும். ஆண்களுக்கு அதிகம் வரும்.

சிக்குன்குனியா: தமிழகத்தில் 2006-இல் பெரிதாகப் பரவிய இந்தக் காய்ச்சல், சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் செல்லும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அல்லது மீன் முள் குத்திய விரல் வீங்கிக்கொண்டே போனால், அது கிருமித்தொற்றாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தட்டில் என்ன இருக்கலாம்?

கவலை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 அமிலம், முடக்குவாதத்தின் வலியையும் காலை நேர இறுக்கத்தையும் ஓரளவு குறைக்கும். அதே கவலையும் நெத்திலியும் பியூரின் மிகுந்தவை. பியூரின் உடலில் யூரிக் அமிலமாக மாறுவதால், கவுட் உள்ளவர்கள் இவற்றோடு இறால், நண்டு, ஈரல் ஆகியவற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நல்லது செய்யும் மீன் இன்னொருவரின் கால் விரலைச் சிவக்க வைக்கும். மதுவும் கவுட்டைத் தூண்டும், அதிலும் பீர் மிக அதிகம். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் போதாது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தொடர்ந்து தேவைப்படலாம்.

தேய்மானம் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பே முதல் மருந்து. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். அதோடு தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, சில நொடிகள் நிறுத்தி இறக்குவது வீட்டிலேயே செய்யக்கூடியது. குந்தி மீன் அரிவதற்குப் பதில் உயரமான பலகையில் உட்கார்ந்து அரிந்தால் முழங்கால் தப்பும்.

தேய்மான வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் தைலமும் இதம் தரும். சிவந்து கொதிக்கும் கவுட் மூட்டைத் தேய்க்கக் கூடாது. மீனுக்கு வாங்கும் ஐஸையே துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம். முடக்கத்தான் கீரையையும் மஞ்சளையும் உணவில் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் முடக்குவாத மாத்திரைக்கு அவை மாற்று ஆகா. பீடி, சிகரெட் முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும், வந்த நோயையும் கடுமையாக்கும்.

எங்கே ஆபத்து?

டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பழுதாகும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கருவாட்டு உப்பும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் மேலும் கூடும்.

ஓரிரு நாளில் வலியை அடியோடு போக்கும் 'மூலிகை'ப் பொடியைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். அவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து என்பதால், மருத்துவரிடம் காட்டியே படிப்படியாக நிறுத்த வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிரையே பறிக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்

வாத நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஸ்டீராய்டு, டைக்ளோபெனாக் மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சித்த மருந்தானாலும் மூலப்பொருள் பட்டியல், உரிம எண், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை டப்பாவில் இருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி உடம்பு கெட்டிருந்தால் மீதிப் பொடியையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கியதில் ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து பொன்னேரி அரசு மருத்துவமனை. முடக்குவாதம் என்று சந்தேகித்தால், பொன்னேரியில் புறநகர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே ரூமட்டாலஜி துறை இருக்கிறது. சித்த சிகிச்சை வேண்டுவோர் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். மூட்டுகள் முடங்கி, ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகளும் உண்டு. விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

விரல் மூட்டு வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் இனி யாரிடமும் பத்தியம் கேட்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். என் நோய்க்குப் பெயர் என்ன, இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்புங்கள்.