ஒத்துவராத வழித்துணை

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள், கூட்டுத்தொழுகைக்கு வராதிருக்கத் தமக்குச் சலுகை உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவிய நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பாங்கொலி காதில் விழுகிறதா என்று நாயகம் அவர்கள் கேட்டதும், விழுகிறது என்று அவர் விடையிறுத்ததும், அவ்வாறாயின் சலுகை இல்லை என்று தீர்ப்பானதும் நம் மத்ரஸா மாணவர் அனைவரும் அறிந்தவையே. கூட்டுத்தொழுகை கடமையா, வலியுறுத்தப்பட்ட சுன்னத்தா என்னும் விவாதத்தில் ஃபுகஹாக்கள் இதனைச் சான்றாக எடுத்தாளுவர். நாமும் பல்லாண்டுகள் அவ்விவாதத்தோடு பாடத்தை முடித்துக்கொண்டோம்.

ஆனால், இமாம் அபூதாவூத் அவர்களின் தொகுப்பில் உள்ள அறிவிப்பை ஊன்றிப் படித்தால் அத்தோழர் மூன்று காரணங்களை முன்வைத்தது தெரியும். பார்வை இல்லை, வீடு தொலைவில் உள்ளது, வழித்துணை ஒருவர் இருக்கிறார், எனினும் அவர் தமக்கு ஒத்துவருவதில்லை. இமாம் முஸ்லிம் அவர்களின் அறிவிப்பில், பெயர் குறிக்கப்படாத பார்வையற்ற ஒருவர் தமக்கு வழித்துணையே இல்லை என்று கூறுவதாக உள்ளது. இரு சொல்லாட்சிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. துணையே இல்லாமை ஒரு குறை. துணை இருந்தும் அது நம் நேரத்துக்கும் விருப்பத்துக்கும் இணங்காமை வேறொரு குறை. முதற்குறையை இரக்கம் தீர்த்துவிடும். இரண்டாவதை இரக்கத்தால் மட்டும் தீர்க்க இயலாது.

கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீது இப்னு அப்துல் மலிக், நடக்க இயலாதோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். தொழுநோயாளருக்கு மானியம் வழங்கி, மக்களிடம் கையேந்த வேண்டாம் என்றும் அவர் பணித்தார். கொடை அரண்மனை வாயிலோடு நின்றுவிடாமல் ஆளுக்கோர் உதவியாளராகச் சென்று சேர்ந்தது என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

இக்காலத்தில் 'சுதந்திர வாழ்வு' என்று வழங்கும் இயக்கத்தின் கருவும் இதுவே. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1972இல் அதற்கான முதல் மையம் உருவாயிற்று. அதன் முன்னோடி எட் ராபர்ட்ஸ், போலியோவால் கைகால்கள் பெரும்பாலும் செயலிழந்து, இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் சுவாசக் கலத்துக்குள் உறங்கியவர். பிறர் துணையின்றி அவரால் உடை மாற்றவும் இயலாது. ஆயினும், தாம் எப்போது எழுவது, எங்கே செல்வது என்பதைத் தாமே முடிவு செய்து, உதவியாளரைத் தாமே அமர்த்தினார். எல்லாவற்றையும் தன் கையால் செய்வதன்று சுதந்திரம், தன் முடிவின்படி செய்வித்துக்கொள்வதே என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 19ஆம் பிரிவில் இதனை உரிமையாக்கிற்று. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 5ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளி எவரையும் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. வீட்டுக்கே வரும் சேவைகளும் தனி உதவியாளரும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது.

பெயர் சூட்டுவதில் நாம் என்றும் தாராளமானவர்கள். அரபியர் பார்வையற்றவரை 'பஸீர்', அதாவது பார்வையுடையவர், என்று மரியாதையாக அழைப்பர். ஐக்கிய அரபு அமீரகம் 2017இல் 'அஸ்ஹாபுல் ஹிமம்', மனவுறுதி கொண்டோர், என்னும் பெயரைக் கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆயினர். பள்ளிவாசல் படிகளின் உயரம் மட்டும் பழையபடியே உள்ளது.

மதுரை இத்துறையில் வறிய நகரன்று. தாமும் பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், சுந்தரராஜன்பட்டியில் மேல்நிலைப் பள்ளி நடத்திப் பலரைக் கல்லூரிக்கும் பணிக்கும் அனுப்பியுள்ளது. உதவி பெறும் நிலையிலிருந்த ஒருவரே உதவும் நிறுவனத்தை அமைத்தது நினைந்து போற்றத்தக்கது.

ஆனால், பள்ளியை விட்டு வீடு திரும்பியபின் நாள்தோறும் துணை நிற்பவர் யார்? இதற்கு நாம் அறிந்த நல்ல விடை, தெற்கே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் உள்ளது. அவ்வூர் இளைஞர் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தில் அடிபட்டு, அதற்குக் கீழ் உடல் செயலிழந்தார். அவர் 1981இல் சில குழந்தைகளுடன் தொடங்கிய அமர் சேவா சங்கம், விடுதியும் பள்ளியுமாக வளர்ந்ததோடு நில்லாமல், பணியாளரைக் கிராமங்களுக்கு அனுப்பிற்று. அவர்கள் குழந்தையின் வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளித்தனர். அதைத் தாய்க்கும் கற்பித்தனர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியையும் நாம் மறைக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவரல்லர், உறவினரே. வீட்டில் வைத்துப் பேணத் துணை கிடைக்காதவர்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்தது. சென்னையின் 'தி பேன்யன்' அமைப்பு, நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்தோரை நால்வர் ஐவராகச் சாதாரணத் தெருக்களின் வாடகை வீடுகளில் குடியமர்த்தும் திட்டத்தை 2015இல் தொடங்கியது. அவர்கள் அங்கே சமைத்து, கடைக்குச் சென்று, அண்டை அயலாருடன் பழகி வாழ்கின்றனர்.

மதுரையை அடுத்து மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எம் பழைய மாணவரின் தந்தையார் இருக்கிறார். பக்கவாதம் வந்து ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் நல்லவர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் தூக்கிச் செல்வர். ஜமாஅத்தும் ரமலானில் பணமுடிப்பைத் தவறாது தலைமாட்டில் வைத்துவிடும். நாம் நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், ஒரு நாளாவது நான் நினைச்ச நேரத்துக்கு அஸருக்குப் போகணும்."

உதவியாளருக்கு ஸகாத்திலிருந்து ஊதியம் தரலாமா என்று ஜமாஅத்தார் எம்மிடம் வினவினர். ஸகாத் பொருள் ஏழையின் உடைமையாக வேண்டும் என்னும் 'தம்லீக்' விதி ஃபிக்ஹு மாணவர் அறிந்ததே. ஆகவே ஜமாஅத் நேரடியாக ஆள் வைத்து ஸகாத்திலிருந்து ஊதியம் தருதல் அவ்விதிக்குப் பொருந்தாது. பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டால், அது அவர் உடைமை. அவர் விரும்பியவரை அமர்த்திக்கொள்ளலாம். பெர்க்லியில் வற்புறுத்திய நெறியை நம் ஃபிக்ஹின் ஒரு பழைய நிபந்தனையே கொண்டுவந்து சேர்ப்பது கண்டு நாம் வியந்தோம். அவர் தகுதியுடைய ஏழை என்பதால் வேறு தடையும் இருக்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வருகிறார். முதல் மாதம் காலை பத்து மணிக்கு வந்தவரை, இனி மாலை நான்கு மணிக்கு வா என்று பெரியவரே மாற்றிவிட்டாராம். பிள்ளைகளுக்கு அதில் சற்று வருத்தம். சம்பளத்தை எண்ணிக் கொடுப்பவர் பெரியவர்தாம்.